கப்பலோட்டிய தமிழன்: கப்பல் எங்க போச்சு?

எத்தாளைக் கரையில நிண்டு மேற்குப் பக்கம் பார்த்தா கடலைத் தவிர ஒண்டும் தெரியாது. ஆனா கண்ணுக்கெட்டாத அந்தத் தூரத்திலதான் தூத்துக்குடி - கொழும்புக் கப்பல் பாதை இருந்தது. வெள்ளைக்காரக் கம்பனியோட மோதி வ.உ.சிதம்பரம்பிள்ளை கப்பல் விட்டதும் இதே கடல்லதான். அதனால 'கப்பலோட்டிய தமிழன்' பார்க்க உட்கார்ந்தது சிவாஜிக்காக மட்டும் இல்ல. எங்கட கடலின் கதையைப் பார்க்கலாம் எண்ட ஆசையும் இருந்தது. படம் முடிய மனசு கனத்தது உண்மை. ஏமாற்றமும் உண்மை.

முதல்ல நல்லதைச் சொல்லிடுறன். 1961இல் பி.ஆர்.பந்துலு எடுத்த படம். ம.பொ.சிவஞானம் எழுதிய வரலாற்று நூலை அடிப்படையாகக் கொண்டது. பாட்டெல்லாம் பாரதியுடையது, இசை ஜி.ராமநாதன். தேசிய விருது கிடைத்தது. சிறையில மாட்டுக்குப் பதிலா வ.உ.சி செக்கிழுக்கிற காட்சியை இண்டைக்குப் பார்த்தாலும் தொண்டை அடைக்கும். அதில வாதமே இல்ல.

என்ட பிரச்சினை படத்தொகுப்பிலயும் வேகத்திலயும்தான். மூன்று மணித்தியாலத்துக்கும் மேல ஓடுற படம். அதில ஜெமினி கணேசனுக்கும் சாவித்திரிக்கும் ஒரு காதல் கதை. பாட்டு இனிமைதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா அது வரும்போதெல்லாம் கதை நங்கூரம் போட்டு நிண்டுடுது. திரும்பப் புறப்படும்போது, எது ஆறுதலா நடக்க வேணுமோ அது ஓட்டமா ஓடுது. அதுதான் கப்பல் கம்பனியின் கதை.

அந்தக் கதை சின்னக் கதையா? 1906 ஒக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பனி பதிவாகிறது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய்ப்படி 40,000 பங்குகள். ஆசியர் எவரும் பங்கு வாங்கலாம். தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குக்கு 2 லட்சம் ரூபாய் கொடுக்கிறார். சொந்தக் கப்பல் இல்லாத ஆரம்ப நாளில், வாடகைக்கு எடுத்த கப்பலும் கைவிட்டுப் போக, வ.உ.சி கொழும்புக்கு வந்து ஒரு கப்பலைக் குத்தகைக்குப் பிடிக்கிறார். பிறகுதான் 'காலியா', 'லாவோ' எண்ட சொந்தக் கப்பல்கள்.

அடுத்தது கட்டணச் சண்டை. பிரிட்டிஷ் இந்தியா கம்பனி ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பனி அரை ரூபாய்க்கு இறங்கியது. உடனே மற்றவன் இலவசமா ஏத்திக்கொண்டு போறன், குடையும் தாறன் எண்டான். யோசிச்சுப் பாருங்க. கையில காசில்லாத ஒரு கூலித் தொழிலாளி கரையில நிக்கிறான். ஒரு பக்கம் அரை ரூபாய் கேக்கிற எங்கட கப்பல், மறுபக்கம் சும்மா ஏத்துற கப்பல். அவன் எதில ஏறுவான்? நாங்க எதில ஏறியிருப்பம்? ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய காட்சி வேணுமா?

1908 மார்ச்சில் வ.உ.சி கைது. ஜூலையில் தீர்ப்பு: இரண்டு ஆயுள் தண்டனை. மேன்முறையீட்டில் அது குறைந்தது. அவர் உள்ளே இருக்கும்போதே, 1911இல், கம்பனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் வெளியே வந்த மனிதருக்குத் திரும்பிப் போகக் கப்பல் இல்ல.

படத்தின் வேகத்தில பார்த்தா, வெள்ளைக்காரன் சிறையில போட்டான், கம்பனி போச்சு எண்ட ஒற்றை வரிதான் மனசில நிக்குது. சிறை பெரிய காரணம்தான். ஆனா நட்டம் அதுக்கு முதலே தொடங்கிட்டு. அந்தப் பகுதியை அவசரமா வெட்டினா, கேள்வி எங்கள விட்டுப் போயிடும். வில்லன் வெள்ளைக்காரன், நாயகன் வ.உ.சி, நாங்க அழுகிற பார்வையாளர். இலவச டிக்கட்டுக்குக் கை நீட்டினது ஆர் எண்டு ஆரும் கேக்கத் தேவையில்ல.

'அந்தக் காலத்தில காதல், பாட்டு இல்லாட்டிப் படம் ஓடாதே' எண்டு சிலர் சொல்லுவாங்க. அதையெல்லாம் போட்டும் இந்தப் படம் வந்த நேரம் வசூல்ல தோத்ததுதானே! நீளமும் குற்றமில்ல. அட்டன்பரோவின் 'காந்தி' (1982) இதே அளவு நீளம்தான். அதில உப்பு யாத்திரைக்கு நேரம் கொடுக்கிறாங்க. ஒரு பிடி உப்பு ஏன் ஒரு அரசாங்கத்தைக் கலக்கியது எண்டு விளங்குது. உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த புத்தளத்துப் பிள்ளைகளுக்கு அந்த உப்பு உறைக்கும். அதே மாதிரி ஒரு பங்குப் பத்திரம், ஒரு அரை ரூபாய் டிக்கட் எங்களுக்கு உறைச்சிருக்கலாம்.

படத்தைப் பார்க்க வேண்டாம் எண்டு சொல்லல்ல. கட்டாயம் பாருங்க. அதோட நிக்காம, ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கம்பனியைப் பற்றி 2023இல் எழுதிய 'சுதேசி ஸ்டீம்' நூலையும் தேடுங்க, ஆங்கிலமெண்டாலும் பரவாயில்ல. வீட்டில மூத்தவங்க இருந்தா, தூத்துக்குடிப் பக்கம் எங்கட ஆக்கள் போய் வந்த கதையைக் கேட்டு எழுதி வையுங்க. அந்தக் கதையை இன்னும் ஆரும் படமா எடுக்கல்ல.