சொம்பும் மூங்கிலும்: ஆமதாபாத்தில் வளர்ந்த ஒரு கல்வியின் வரலாறு

பிறந்த மண்ணை விட்டுப் பிற மண்ணில் வாழவந்த நாம், வந்துசேர்ந்த ஊரின் வரலாற்றையும் அறிந்திருத்தல் கடமையாகும். சபர்மதிக் கரையில் அமைந்த ஆமதாபாத் மாநகரைப் பற்றி நம்மவர் அறிந்தவை பெரும்பாலும் மூன்றே. காந்தியடிகளின் ஆசிரமம் ஒன்று. ஒரு காலத்தில் நம் முன்னோர் பலருக்குச் சோறிட்ட பஞ்சாலைகள் மற்றொன்று. தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வாழும் மணிநகர்த் தெருக்கள் இன்னொன்று. இவற்றோடு வைத்து எண்ணத்தக்க நான்காவது ஒன்றும் உண்டு. பால்டிப் பகுதியில், ஆற்றை ஒட்டி, மரங்களுக்கிடையே அமைந்துள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமே அது. அந்நிறுவனத்தில் வளர்ந்த ஒரு கல்வியைப் பற்றியும், சென்னையில் பிறந்து அக்கல்விக்குத் தம் வாழ்நாளை ஈந்த ஓர் ஆசிரியரைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

வடிவமைப்பு என்றவுடன் அழகுபடுத்துதல் என்றே பலர் எண்ணுகின்றனர். சேலைக்குக் கரை வரைவதும், நாற்காலிக்கு மெருகேற்றுவதும், பெட்டிக்கு வண்ணம் தீட்டுவதும் மட்டுமே அக்கலையின் வேலை என்பது அவர்தம் கருத்து. அக்கருத்து பிழையானது என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் வீட்டு அடுக்களையில் உள்ள சொம்பே போதும்.

நாடு விடுதலை பெற்ற பின்னர் ஆலைப் பொருள்கள் பெருகின. பெருகிய அளவுக்கு அவற்றின் தரம் உயரவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த கைத்தொழில்கள் ஒருபுறம் தேய்ந்தன; புதிய தொழில்கள் மறுபுறம் பிறநாட்டுப் பொருள்களைப் பார்த்துச் செய்வதையே வழியாகக் கொண்டன. இந்நிலைக்குத் தீர்வு காண விரும்பிய இந்திய அரசு, அமெரிக்க வடிவமைப்பாளராகிய சார்லஸ் ஈம்ஸ், அவர்தம் துணைவியார் ரே ஈம்ஸ் ஆகிய இருவரையும் அழைத்தது. அவர்கள் நாடெங்கும் சுற்றிப் பார்த்து, 1958-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஓர் அறிக்கை அளித்தனர். 'இந்திய அறிக்கை' என்று அது பெயர் பெற்றது.

அவ்வறிக்கையில் அவர்கள் வியந்து போற்றியது எந்த அரண்மனையையும் அன்று. எளிய சொம்பையே போற்றினர். ஒரு சொம்பைப் புதிதாக அமைக்க முற்படுவோர் எவ்வெவற்றை எண்ண வேண்டும் என்று அவர்கள் வரிசைப்படுத்தினர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? அதைத் தூக்கும் கை எத்தகையது? இடுப்பிலா, தலையிலா, எங்கே வைத்துச் சுமப்பது? நிறைந்திருக்கும்போதும் வெறுமையாயிருக்கும்போதும் கவிழாது நிற்குமா? நீரை ஊற்றும்போது சிந்தாது விழுமா? துலக்குவது எளிதா? பழையதானால் உலோகத்துக்கு விலை கிடைக்குமா? பிறருக்குக் கொடுக்கும்போது மனத்துக்கு மகிழ்ச்சி தருமா? இவ்வளவையும் எண்ணிச் சொம்பை அமைத்தவர் யார்? ஒருவரும் அல்லர். பெயர் தெரியாத பல்லாயிரம் மக்கள், பல தலைமுறைகளாகச் சிறிது சிறிதாகத் திருத்தி அமைத்தது அது. அத்தகைய பொறுமையான சிந்தனையைப் புதிய காலத்துக்கு ஏற்பக் கற்பிக்க ஒரு நிறுவனம் வேண்டும் என்பதே அறிக்கையின் சாரம்.

அதன் பயனாக 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஆமதாபாத்தில் தோன்றியது. கௌதம் சாராபாய், கீரா சாராபாய் என்னும் உடன்பிறந்தார் இருவரும் அதை உருவாக்கி வளர்த்தனர். செய்து கற்றல் என்பதே அங்குக் கல்விமுறையாயிற்று. ஜெர்மனியில் 1919 முதல் 1933 வரை இயங்கிய பௌஹவுஸ் பள்ளியின் கருத்துகளும், அந்நாட்டிலேயே 1968-இல் மூடப்பட்ட உல்ம் பள்ளியின் கருத்துகளும் ஈண்டு வந்து இந்திய மண்ணில் வேர்பிடித்தன.

அந்நிறுவனத்துக்கு 1969-இல் மாணவராக வந்து சேர்ந்தார் ஓர் இளைஞர். எம். பி. ரஞ்சன் என்பது அவர் பெயர். 1950-இல் சென்னையில் பிறந்தவர். மரத்தளவாட வடிவமைப்பைக் கற்க வந்தவர், 1972-இல் அங்கேயே ஆசிரியரானார். 2010-இல் ஓய்வு பெறும்வரை அவருடைய பணிக்களம் அதுவே. இடைப்பட்ட காலத்தில் அவர் எழுப்பிய வினா ஒன்றே: 'வடிவமைப்பு யாருக்கு?'

இவ்வினா அவர் ஒருவருடைய உள்ளத்தில் மட்டும் எழுந்ததன்று. அக்காலமே அவ்வினாவை எழுப்பியது. 1971-இல் விக்டர் பாப்பனெக் என்னும் அறிஞர், செல்வர்க்குரிய அணிமணிப் பொருள்களை விடுத்து ஏழை எளியோரின் தேவைகளைக் கவனிக்குமாறு வடிவமைப்பாளரை இடித்துரைத்து நூலெழுதினார். 1975-இல் இராஜஸ்தானத்து ஆஜ்மீர் மாவட்டத்து ஜவாஜா வட்டாரத்தில் ஒரு புதிய முயற்சி தொடங்கிற்று. ஆமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் இயக்குநராய் விளங்கிய ரவி மத்தாய் அதற்குத் தலைநின்றார். வடிவமைப்பு நிறுவனமும் உடன் நின்றது.

ஜவாஜா அடிக்கடி வறட்சியுற்ற பகுதி. நிலமும் நீரும் கைகொடுக்காத அவ்விடத்தில் என்ன வளம் உண்டு என்று தேடினர். தோல் பதனிடுவோரின் கைத்திறமும் நெசவாளரின் கைத்திறமுமே அவர்கள் கண்ட வளம். ஊரார் இழிவாகக் கருதி ஒதுக்கிய மக்களிடமே அவ்வளம் இருந்தது! தோற்பைகளும் கம்பளி விரிப்புகளும் தொலைநகர்ச் சந்தைக்கு ஏற்பப் புதிய வடிவம் பெற்றன. ஆனால் பொருள் விற்பது ஒன்றே நோக்கமன்று. கணக்கெழுதவும், விலை பேசவும், ஒன்றுகூடி முடிவெடுக்கவும் அம்மக்கள் தாமே கற்றல் வேண்டும். உதவ வந்தவர் ஒருநாள் விலகிச் செல்லல் வேண்டும். அதுவே குறிக்கோள். இன்று அறிஞர் உலகம் 'சமுதாயப் புத்தாக்கம்' என்று கூறும் கருத்து, அப்பெயர் பரவுமுன்னரே ஜவாஜாவின் புழுதித் தெருக்களில் நடந்துகாட்டிற்று என்றால் மிகையாகாது.

1979 சனவரியில் ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி அமைப்பும் பன்னாட்டு வடிவமைப்பாளர் மன்றமும் ஆமதாபாத்தில் கூடின. வளரும் நாடுகளின் முன்னேற்றத்துக்கு வடிவமைப்பு துணைநிற்க வேண்டும் என்னும் அறிவிப்பு அங்கு எழுந்தது. 'ஆமதாபாத் அறிவிப்பு' என்றே அது வழங்குகின்றது.

ஏறத்தாழ அதே காலத்தில் ரஞ்சன் வடகிழக்கு மலைநாட்டை நோக்கிச் சென்றார். அங்கு மூங்கிலே வீடு, மூங்கிலே வேலி, மூங்கிலே பாத்திரம். நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் சுமக்கும் கூடையும், மழைக்குத் தலையையும் முதுகையும் மூடும் கவிகையும், மீன் பிடிக்கும் பொறியும் மூங்கிலால் ஆனவையே. இவற்றை வெறும் அழகுப் பொருள்களாக அவர் நோக்கவில்லை. கூடையின் அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் இருப்பது ஏன்? எந்தப் பட்டை சுமையைத் தாங்குகின்றது? மூங்கிலின் வெளிப்புறத்தை எங்கே பயன்படுத்துகின்றனர்? ஒவ்வொன்றையும் ஒரு பொறியியல் நூலைப் படிப்பது போலப் படித்தார். மூங்கிலின் நார்கள் உட்புறத்தைவிட வெளிப்புறத்தில் நெருங்கி அமைந்தவை. ஆதலின் புறப்பட்டை வலியது. பள்ளிக்கூடம் காணாத மலைமக்கள் இவ்வுண்மையைத் தம் விரல்நுனியில் வைத்திருந்தனர்.

நீலம் ஐயர், கன்சியாம் பாண்டியா ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய 'வடகிழக்கு இந்தியாவின் மூங்கில், பிரம்புக் கைவினைகள்' என்னும் ஆங்கில நூல் 1986-இல் வெளிவந்தது. பின்னர், துணிவடிவமைப்பு ஆசிரியையான தம் துணைவியார் அதிதி ரஞ்சனுடன் இணைந்து, நாடு முழுவதிலுமுள்ள கைவினைகளை மாநிலந்தோறும் தொகுத்து 2007-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். நம் தமிழகத்துக் கைவினைஞரும் அதில் இடம் பெற்றுள்ளனர். மன்னர் பெயரைக் கல்வெட்டுகள் காத்தன. குயவர், தச்சர், நெசவாளர், கூடை முடைவோர் ஆகியோரின் அறிவை யார் காப்பார்? அக்குறையைத் தீர்க்க எழுந்தவை இந்நூல்கள்.

எழுதியதோடு அவர் நின்றாரில்லை. திரிபுராவில் கட்லாமாரா என்னும் சிற்றூரில் உழவர் பயிரிடும் மூங்கில் உள்ளீடு மிகக் குறைந்து, தடிபோல் திண்ணியதாக இருக்கும். அதைக்கொண்டு முக்காலியும் நாற்காலியும் அமைக்கும் முறைகளை வகுத்து, அவ்வூரார் எளிய கருவிகளால் தாமே செய்யுமாறு வழிகாட்டினார். மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் முதிரும். முதிர்ந்ததை வெட்ட, புதியது தானே முளைக்கும். காட்டை அழியாமல் வீட்டை நிரப்பும் தொழில் அன்றோ இது! நிலைபேறுடைய வாழ்வு என்று இன்று மேடைதோறும் பேசப்படுவதன் பொருள் இதுவே.

ஆயினும் ஒரு தடை இருந்தது. 1927-ஆம் ஆண்டின் வனச்சட்டம் மூங்கிலை மரம் என்றே கொண்டது. ஆகவே தன் நிலத்தில் தான் வளர்த்த மூங்கிலை வெட்டிக் கொண்டுசெல்லவும் உழவன் பல இடங்களில் அனுமதிக்குக் காத்திருந்தான். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலுக்கு அத்தளை 2017-இல் சட்டத்திருத்தத்தால் நீங்கிற்று. அந்நாளைக் காண ரஞ்சன் இல்லை. 2015 ஆகஸ்டுத் திங்களில் அவர் ஆமதாபாத்தில் காலமானார்.

வகுப்பறையில் அவர் ஆற்றிய பணியும் குறிக்கத்தக்கது. வடிவமைப்பின் கருத்துகளும் கவலைகளும் என்னும் பாடத்தை அவர் நெடுங்காலம் நடத்தினார். மாணவர் குழுவாக அமர்ந்து நீர், உணவு போன்ற பொதுப் பொருள்களை எடுத்துக்கொண்டு, ஒன்றோடொன்று தொடர்புடையவற்றைப் பெரும் படங்களாக வரைந்து ஆராய்வர். பொருளை அமைக்குமுன் அது புகும் வாழ்க்கையை அறிக என்பதே பாடத்தின் உயிர். நம் நாட்டுப் பொருளாதாரத்தின் 230 துறைகளிலும் வடிவமைப்புக்கு வேலை உண்டு என்று அவர் வற்புறுத்தி வந்தார்.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் யாது? நம் குடியிருப்புகளில் பிள்ளை படம் வரைந்தால் அது பொழுதுபோக்கு. கணக்குப் போட்டால் அது படிப்பு. கையால் செய்வது தாழ்ந்தது, ஏட்டால் கற்பது உயர்ந்தது என்னும் எண்ணம் ஊரை விட்டு வரும்போது நம் மூட்டையோடு வந்துவிட்டது. அதற்குக் காரணமும் இல்லாமலில்லை. அயலூரில் பிழைக்க வந்தவர்க்கு நிலையான வேலை தேவை. சான்றிதழே நமக்கு நிலபுலமாயிற்று. அவ்வச்சத்தை நாம் குறைத்துப் பேசுதல் தகாது. ஆனால் கையும் கருத்தும் பிரிந்த கல்வி நாட்டுக்கு என்ன செய்யும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். கூடை முடையும் முதியவளிடம் பாடம் கேட்க அமர்ந்த ஆசிரியர் ஒருவர், அந்த அமர்வினாலேயே உயர்ந்தார், தாழ்ந்தாரில்லை.

ஊருக்குச் செல்லும்போது நம் பிள்ளைகளைக் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் அழைத்துச் செல்கின்றோம். பத்தமடைப் பாய் நெய்வோரின் தறியருகேயும், சுவாமிமலைச் சிற்பியரின் பட்டறையருகேயும் ஒரு நாழிகை நிற்கச் செய்வோம். எதனால் இவ்வடிவம், யாருக்காக இவ்வடிவம் என்று கேட்கப் பழக்குவோம். அவ்வினாவைக் கேட்கத் தெரிந்த பிள்ளை எத்தொழில் புரிந்தாலும் தன் அறிவைப் பிறர்க்குப் பயன்படுத்தும். பிறந்த மண்ணுக்கும் புகுந்த மண்ணுக்கும் நாம் செலுத்தக்கூடிய நன்றி அதனினும் பெரிது வேறில்லை.