விலாசச் சீட்டு

புதிதாகத் தொழில் தொடங்கும் டாக்டர் வாசலில் பெயர்ப் பலகையை மாட்டிவிட்டு நோயாளிக்காகக் காத்திருப்பார். ஊரார் அறியாத தொழிலைத் தொடங்குகிறவர் என்ன செய்வார்? பிளாஸ்டிக் சர்ஜரியின் சரித்திரத்தைப் புரட்டினால் எனக்கு ஹெரால்டு கில்லிஸின் ஞாபகந்தான் முதலில் வருகிறது.

நியூஸிலாந்தில் பிறந்த கில்லிஸ், லண்டனில் காது, மூக்கு, தொண்டை வைத்தியர். 1915-ல் யுத்த சேவைக்காகப் பிரான்ஸுக்குப் போனார். பாரிஸில் மோரெஸ்டான் என்ற நிபுணர் சிதைந்த முகங்களைச் சீர்செய்வதைப் பார்த்துச் சொக்கிப்போனார். மறுமுறை போனபோது நிபுணர் அவரை உள்ளே விடவில்லை!

1916-ல் ஆல்டர்ஷாட் ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்கு இடம் கிடைத்தது. நோயாளிகள் வர வேண்டுமே? சொந்தப் பணத்தில் 10 பவுனுக்கு விலாசச் சீட்டுகள் வாங்கினார். தம் விலாசத்தை எழுதினார். ராணுவ இலாகா மூலம் போர்முனைக்கு அனுப்பினார். முகத்தில் காயம்பட்ட சிப்பாய்மீது அதைக் கட்டி அனுப்ப வேண்டியது. ரயிலில் மூட்டை அனுப்புகிற மாதிரிதான்.

ஜூலையில் ஸோம் நதிப் போர் மூண்டது. 200 பேரை எதிர்பார்த்தார். 2,000 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள்.

கற்றுக்கொடுக்க ஆளில்லாத பாடத்தை அவர்கள் முகங்களிலேயே அவர் கற்றார். முகம் தீய்ந்த இளம் விமானி ஒருவனுக்கு ஒரே தடவையில் பெருந்தோலை ஒட்டினார். ஒட்டு அழுகிற்று, 1918 மார்ச்சில் அவன் இறந்தான். அதன் பிறகு அவர் அவசரப்படவில்லை. சிறிது சிறிதாக, தவணை தவணையாகவே செய்தார்.

1930-ல் 'சர்' பட்டம் வந்தது. தொழில் தொடங்க அவருக்கு ஆன செலவு 10 பவுன் என்பார்கள். நான் அந்த விமானியையும் கணக்கில் சேர்க்கிறேன்.