பாதத்துக்கு வந்த புதினா

ராத்திரி ஏழரை மணிக்கு வேலூர்ப் பக்கத்துக் கணியம்பாடியில் ஷூ கம்பெனி வேன் வந்து நிற்கும். என் அக்கா மகள் இறங்கி வருவாள். பகல் முழுக்க நின்றபடியே ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவுகிற வேலை அவளுக்கு. வந்ததும் காலைக் கழுவித் துடைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு சின்ன ட்யூபைப் பிதுக்குவாள். பட்டாணி அளவு வெள்ளைக் களிம்பு. குதிகாலில் தேய்த்ததும் திண்ணையெங்கும் புதினா வாசம். “இப்பதான் மாமா உயிரே வந்துச்சு” என்பாள்.

ட்யூபின் முதுகில் பொடி எழுத்தில் ‘மெந்தா பிப்பெரிட்டா எண்ணெய்’ என்று இருக்கிறது. அதுதான் அசல் பெப்பர்மிண்ட். நீர்ப்புதினாவும் ஈட்டிப்புதினாவும் தாமாகக் கலந்து பிறந்த செடி. இங்கிலாந்தில் அதைப் பற்றி 1696இல் எழுதி வைத்தவர் தாவரவியலாளர் ஜான் ரே. லண்டனை ஒட்டிய மிட்சம் அந்த எண்ணெய்க்குப் பேர்போன ஊரானது.

ஆனால் நம் பற்பசை, வேர்க்குரு பவுடர், தலைவலித் தைலம் ஆகியவற்றில் உள்ள குளிர்ச்சி பெரும்பாலும் இதன் பங்காளிச் செடியிலிருந்து வருகிறது. மெந்தா அர்வென்சிஸ் என்ற ஜப்பான் புதினா அது. பெப்பர்மிண்ட் எண்ணெயில், குளிர்ச்சியைத் தரும் மெந்தால் பாதியைத் தாண்டுவது அபூர்வம். ஜப்பான் புதினா எண்ணெயிலோ ஏறக்குறைய முக்கால் பங்கு மெந்தால்தான். 1930களின் கடைசியில் உலகத்து மெந்தாலில் பெரும்பகுதி ஜப்பானின் கிட்டாமி வட்டாரத்திலிருந்துதான் போனது. 1950களில் இந்தச் செடி இந்தியாவுக்கு வந்தது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் ‘கோசி’ போன்ற ரகங்களை உருவாக்கிக் கொடுக்க, உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, சம்பல், பதாயூன் பக்கத்துச் சிறு விவசாயிகள் அதைத் தங்கள் பணப்பயிராக்கிக்கொண்டார்கள். இன்று உலகின் இயற்கை மெந்தாலில் பெரும்பங்கு இந்தியாவினுடையது. அந்த விவசாயிகள் வாயில் இந்தச் செடிக்கும் பெயர் பிபர்மிண்ட்தான்.

வேலூர் வெயிலில் வேகிற மே, ஜூன் மாதங்களில்தான் அங்கே அறுவடை. அறுத்த தழையை வெயிலில் கொஞ்சம் வாடவிட்டு இரும்புத் தொட்டிக்குள் கொட்டுவார்கள். ஆட்கள் உள்ளே இறங்கிக் காலால் மிதித்து அமுக்குவார்கள். இடைவெளி இருந்தால் நீராவி தழையைத் தொடாமல் தப்பிவிடும். பிறகு மூடியை இறுக்கி, அடியில் தீ மூட்டுவார்கள். முந்தைய வடிப்பில் எண்ணெய் எடுத்த சக்கைதான், காய்ந்தபின், இதற்கு விறகு. ஆவி குழாய் வழியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் குளிர்ந்து சொட்டும். எண்ணெய் மேலே மிதக்கும். நூறு கிலோ தழைக்கு ஒரு கிலோ எண்ணெய்கூடத் தேறாது. குளிர்ச்சிக்காக வாங்கப்படும் சரக்கு, கோடையின் உச்சத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று எடுக்கப்படுகிறது.

அங்கிருந்து எண்ணெய் ஆலைக்குப் போகிறது. குளிரவைத்தால் மெந்தால் ஊசி ஊசியாகப் படிகம் கட்டும். மிஞ்சுகிற எண்ணெய்க்கும் வாங்குவோர் உண்டு. ஆனால் விலை விவசாயி கையில் இல்லை. மும்பை முன்பேரச் சந்தையில் மெந்தா எண்ணெய் ஏறி இறங்கும். 2012இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் ஆலையிலும் செயற்கை மெந்தால் தயாராகத் தொடங்கியது. வயலுக்கு எதிரே தொழிற்சாலை போட்டியாக நிற்கிறது.

எந்தப் புதினாவிலிருந்து வந்தாலும் மெந்தால் குதிகாலில் செய்வது ஒரே வேலை. தோலில் குளிரை உணரும் நரம்பு நுனிகளில் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பி இருக்கிறது. மெந்தால் அதைத் தொட்டு எழுப்பிவிடும். பாதத்தின் சூடு குறைவதில்லை. குளிர்கிறது என்ற சேதி மட்டும் மூளைக்குப் போகிறது. இந்த வகை ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படாபூட்டியனும் 2021இல் நோபல் பரிசு பெற்றார்கள். சேதி இதமானதுதான், ஆனாலும் அளவு தேவை. எண்ணெயை நீர்க்கச் செய்யாமல் தடவினால் தோல் எரியும். கைக்குழந்தையின் மூக்கடியில் மெந்தால் தைலம் தேய்க்கவே கூடாது, மூச்சே தடைபடலாம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோடைப் புதினா அடிக்கடி பாசனம் கேட்கும் பயிர். உத்தரப் பிரதேசத்தில் நிலத்தடி நீர் அதற்காகவே இறைக்கப்படுகிறது. மேட்டுப்பாத்தியில் நட்டு நீரைச் சிக்கனப்படுத்தும் முறையை அந்த லக்னோ நிறுவனம் சொல்லித்தருகிறது. நம் பக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கவலை புதிதல்ல. உலகம் போட்டு நடக்கும் ஷூவுக்காகத் தோல் பதனிட்டுப் பதனிட்டுப் பாலாற்றுப் படுகைக் கிணறுகள் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. எங்கள் பக்கத்து வறண்ட நாகநதிக்காக நூறுநாள் வேலையில் நீர்செறிவுக் கிணறு வெட்டியவர்கள் எங்கள் பெண்கள். ஒரு பொருள் இன்னொருவர் வீட்டுக்குப் போகும்போது கூடவே எந்த ஊர்த் தண்ணீர் போகிறது என்று கேட்கத் தெரிந்தவர்கள் நாம். வாங்குகிற இடத்தில் இருக்கும்போதும் அதைக் கேட்க வேண்டும்.

ஒரு நாள் தொட்டிக்குள் இறங்கித் தழை மிதிக்கிறவர்களைப் பற்றி அக்கா மகளிடம் சொன்னேன். ட்யூபின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

“அவங்க காலுக்கு என்ன மாமா தடவுவாங்க?”