கோடை மலையில் தவறிய விடியல்

மூன்றாம் ஆண்டில் எங்கள் வகுப்பே ராத்திரியோடு ராத்திரியாக வேன் பிடித்துக் கொடைக்கானல் போனது. 1872-இல் அமைந்த கோக்கர்ஸ் வாக்கில் விடியலுக்காக நடுங்கிக்கொண்டு நின்றோம். பனிமூட்டம் சூரியனைக் காட்டவேயில்லை. "காசு வேஸ்ட்டுடா!" என்று கத்தியவன் நான்தான்.

"சூரியனைப் பார்க்கவே கட்டின இடம் ஒண்ணு இருக்கு, வாங்கப்பா" என்று பேராசிரியர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போனார். 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். சூரியனுக்கும் மழைக்கும் தொடர்புண்டா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதன் வழியாகவே 1899-இல் இவ்வாய்வகம் பிறந்தது. 1909-இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்தது இங்கேதான். மழைக் கணக்கு மட்டும் எளிதில் பிடிபடவில்லை. ஆனாலும் நூறாண்டுக்கும் மேலாக, வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு விடியலுக்குச் சலித்துக்கொண்ட எனக்கு வெட்கமாகிவிட்டது. இன்றும் வேலையில் சோதனை தோற்றால் அந்தக் காலைதான் ஞாபகம் வரும். தம்பி தங்கைகளே, மூட்டம் என்றால் திரும்பிவிடாதீர்கள். மறுநாளும் போய் நில்லுங்கள்.