நரேஷன் இல்லாத டேபிள்

பி.காம். படிக்கும்போது ஜர்னல் என்ட்ரிக்குக் கீழே நரேஷன் எழுதாவிட்டால் எங்கள் வாத்தியார் அரை மார்க் குறைத்துவிடுவார். "தொகை சரிதான்டா, எதுக்குன்னு நாளைக்குப் பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?" என்பார். இருபத்தைந்து வருஷம் கழித்து புனேயில் அது உறைத்தது.

எங்கள் வங்கியில் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறிக்கொண்டிருந்தோம். கடன் கணக்குகளின் டேபிளில் 'எஃப்.எல்.ஜி.2' என்று ஒரு பத்தி. உள்ளே 'ஒய்' அல்லது 'என்'. என்ன அர்த்தம்? யாருக்கும் தெரியவில்லை. ஐ.டி. பிரிவுப் பையன், "டேட்டாபேஸையே கேட்கலாம் சார்" என்றான்.

கேட்கலாம்தான். அதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. தகவல்களை டேபிள்களாக வைக்கலாம் என்று 1970இல் கட்டுரை எழுதியவர் ஐ.பி.எம்.மின் எட்கர் காட். 1970களில் ஐ.பி.எம். உருவாக்கிய 'சிஸ்டம் ஆர்', டேபிள்களைப் பற்றிய விவரங்களையும் டேபிள்களிலேயே வைத்தது. லெட்ஜருக்கு உள்ளேயே இன்டெக்ஸ் இருப்பது போல. 1985இல் காட் தந்த விதிகளில் 4ஆவது இதுதான்: டேட்டாவைக் கேட்கிற அதே மொழியில் அதன் அமைப்பையும் கேட்க முடியவேண்டும்.

1992இல் எஸ்.க்யூ.எல். தரநிலை இதற்கென்றே 'இன்ஃபர்மேஷன் ஸ்கீமா'வை வகுத்தது. பத்தியின் பெயர், வகை, நீளம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் 'இது எதற்கு' என்று எழுத இடம் வைக்கவில்லை! அதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி வைத்துக்கொண்டது. ஆரக்கிளில் 'கமென்ட் ஆன் காலம்' என்று எழுதினால் 'யூசர்_கால்_கமென்ட்ஸ்' பட்டியலில் படிக்கலாம். போஸ்ட்கிரஸில் அது 'பிஜி_டிஸ்கிரிப்ஷன்' என்ற டேபிளில் போய் உட்காரும். எஸ்.க்யூ.எல். சர்வரில் 'எக்ஸ்டெண்டட் ப்ராப்பர்ட்டி'.

பையன் கேட்டான். பெயர் வந்தது, நீளம் 1 என்று வந்தது. விளக்கம் காலி. இடம் இருந்தது, எழுதத்தான் ஆளில்லை.

நாலு நாள் அலைந்து, ரிட்டையர் ஆகி நாசிக் போய்விட்ட பெரியவரைப் போனில் பிடித்தேன். "வட்டி போடுவதை நிறுத்திய கணக்கு, சாஹேப்" என்றார். ஒரே வரி! தவறாக மாற்றியிருந்தால் எத்தனை பேர் கணக்கில் வட்டி ஏறியிருக்குமோ.

அன்று சாயங்காலமே அந்த வரியை விளக்கத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினேன். உங்கள் வீட்டிலும் ஐ.டி. பிள்ளைகள் இருப்பார்களே, நரேஷன் எழுதச் சொல்லுங்கள். பெரியவர்கள் எப்போதும் போனில் கிடைக்கமாட்டார்கள்.