புழுவின் உடம்பிலே ஒரு காவல்காரன்



பட்டுச் சேலைப் பாவுக்கு அறுந்து போகாத, ஒரே சீரான நூல் வேணும். அதற்கு ஏற்றது வெள்ளைக் கூடு. ஆனால் கோடை வந்தால், ஒரே மனையில் ஒரே மல்பெரி இலையைத் தின்றாலும் மஞ்சள் கூட்டுப் புழு தாங்குகிறது; வெள்ளைக் கூட்டுப் புழு தளர்ந்து, கக்கி, கறுத்துச் சாகிறது. ஏன் இப்படி? இதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1865-இல் பிரான்சு நாட்டில் பட்டுப்புழு கூட்டம் கூட்டமாகச் செத்தது. ஆராய வந்தவர் லூயி பாஸ்டர். பெப்ரின் நோய் தாயிடமிருந்து முட்டை வழியாக வருவதைக் கண்டார். தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து முட்டையைப் பொறுக்கும் வழியைச் சொன்னார். நம் வித்தகங்களில் இன்றும் அதே வழிதான். புழுவைத் தளரச் செய்யும் பிளாச்சரி வேறு நோய் என்றும் பிரித்துக் காட்டினார். கூடு கட்டும்போது சோர்ந்த புழுவை விதைக்கு வைக்காதீர்கள் என்றார். பலவீனம் பரம்பரையாக வரும் என்பதை அன்றே அறிந்திருந்தார்.

அந்தப் பலவீனம் உடம்பில் எங்கே இருக்கிறது? 1996-இல் ஜப்பான் விஞ்ஞானிகள் பட்டுப்புழு ரத்தத்தில் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியாவின் மேல்தோலைத் தொட்டு அடையாளம் காணும் காவல்காரன் அது. அது கூவினால்தான் உடம்பு எதிர்த்து நிற்கும்.

காவல்காரன் பிறவியிலேயே குறைபட்டிருந்தால்? 1998-இல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் ஒரு எலி இனத்தில் அதைக் கண்டார். காவல் புரதம் ஒன்றில் ஒரே ஒரு கண்ணி மாறியிருந்தது. அந்த எலிகள் சில பாக்டீரியாக்களுக்குச் சுலபமாகப் பலியாயின. 2011-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பட்டுப்புழுவிலும் இனத்துக்கு இனம் தாங்கும் சக்தி மாறுவதில் பிறவிக் கூறுகளுக்குப் பங்கு உண்டு. மைசூர் இனம் நம் வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாக அடிபட்டுத் தேறியது. வெள்ளைக் கூட்டு இனங்களின் பூர்வீகமோ குளிர்ந்த நாடுகள்.

ஒண்ணு மறக்கக் கூடாது. மாட்டுக்குப் போடுகிற மாதிரி புழுவுக்குத் தடுப்பூசி போட முடியாது. பிறவிக் காவல் ஒன்றுதான் அதற்குத் துணை. ஆகவே,

ஆவணி முதல் மாசி வரை வெள்ளைக் கூட்டுக் கலப்பினம் வளர்க்கலாம். கோடையில் மைசூர்த் தாயும் வெள்ளைத் தந்தையும் சேர்ந்த கலப்பினமே நல்லது.

முட்டையைப் பரிசோதனை செய்த வித்தகத்தில் மட்டும் வாங்குங்கள். சொந்தக் கூட்டை விதைக்கு வைக்க வேண்டாம்.

புழு இறக்குமுன் மனையையும் தட்டுகளையும் 2 சதவீத பிளீச்சிங் பவுடர், 0.3 சதவீத நீர்த்த சுண்ணாம்புக் கரைசலில் சுத்தம் செய்யுங்கள். ஈர இலை, புளித்த இலை போடாதீர்கள். செத்த புழுவை உடனே எடுத்துப் புதையுங்கள்.

எவ்வளவு நல்ல காவல்காரனும் திருடர் கூட்டமாக வந்தால் தோற்பான். கூட்டத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.