பிடுங்குவதா, நிழலால் அடக்குவதா

ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையடியின் பாறை நிலத்தையும் டெல்லியின் ரிட்ஜ் குன்றுக்காட்டையும் பிடித்த பீடை ஒன்றே: நம்மூர்ச் சீமைக்கருவேலம். இரண்டு ஊரிலும் ஆள்பவர்களே அதை வரவழைத்தார்கள். ஜோத்பூர் மன்னர் 1930களில் விமானத்திலிருந்து விதை தூவச் செய்தாராம். டெல்லியில் மொட்டைக் குன்றைப் பசுமையாக்க ஆங்கிலேயர் நட்டார்கள். விரட்டும் வழியில்தான் ஊர்கள் பிரிகின்றன.

மெஹ்ரான்கர் அருங்காட்சியக அறக்கட்டளை 2006-ல் சுமார் 70 ஹெக்டேரைச் சீர்செய்யும் பொறுப்பை இயற்கையியலாளர் பிரதீப் கிருஷனிடம் கொடுத்தது. சீமைக்கருவேலத்தை வெட்டிப் பயனில்லை. தரைக்குள் இருக்கும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அங்கோ வேர் இறங்கியிருந்தது எரிமலைப் பாறையின் வெடிப்புகளில். கைகொடுத்தவர்கள் கண்ட்வாலியாக்கள், பரம்பரையாகக் கல்லுடைப்பவர்கள். சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே பாறையின் போக்கை அறிந்து, உளியால் கட்டையைப் பெயர்த்தெடுத்தார்கள். (திட்ட அறிக்கைகளில் இப்படிப்பட்ட கைகளுக்கு இடம் கிடைப்பது அபூர்வம்.) பெயர்த்த குழிகளிலேயே கள்ளியும் பாலைச் செடிகளும் நடப்பட்டன. அதுதான் இன்றைய ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா.

டெல்லியில் சூழலியல் பேராசிரியர் சி. ஆர். பாபு சொன்ன வழி நேர் எதிர். மரம் நிற்கட்டும், கிளையைக் கழித்து வெளிச்சம் விட்டு, அடியில் நாட்டு மரங்களை வளர்த்தால், அவை மேலோங்கி நிழலிடும்போது சீமைக்கருவேலம் வெயிலின்றி நலியும். கொடிகளையும் அதன்மேல் ஏற்றலாம். வசந்த் விஹார் அருகேயுள்ள ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில் இது பலித்தது.

பிடுங்காமல் விடும் இந்த வழியைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். ரிட்ஜ் பல ஆயிரம் ஹெக்டேர். பல துறைகளின் கையில் துண்டுபட்டுக் கிடக்கிறது. மூச்சுத் திணறும் நகரில் ஒரு குன்றையே மொட்டையடிக்க யார் விடுவார்கள்? ஆனால் கழித்த கிளை தழைத்துக்கொண்டே இருக்கும்; ஆண்டுக்கணக்கில் ஆள் வேண்டும். அரசுத் திட்டங்களில் முதலில் வற்றுவது அந்தப் பொறுமைதான்.

ஜோத்பூர்ப் பூங்கா ஒரே அறக்கட்டளையின் பொறுப்பில் இருந்ததால் உளி வேலை முடிந்தது என்பார்கள். அது பாதிக் காரணம். அந்தப் பாறையின் சொந்தச் செடிகள் பெரும்பாலும் குட்டையானவை. சீமைக்கருவேலத்தின் தலைக்கு மேல் நிழலிட அங்கே எதுவும் வளராது. பாபுவின் வழியை அங்கே கொண்டுபோயிருந்தாலும் பிடுங்கத்தான் வேண்டியிருந்திருக்கும்.